தோற்ற கோரிக்கையை யார் மறுபடி அனுப்புவது? கர்ல், ஷெல், பைத்தான், சிஸ்டம்டி: ஓர் ஒப்பீடு

ஓசூரிலிருந்து தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துபோகும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் சில நாள்களில் கோப்பை இறக்காமலே வெற்றி என்று முடிந்துவிடுகிறது. கர்லிலேயே மறுமுயற்சி வசதி இருக்கிறது என்கிறார் ஒருவர். ஷெல்லில் வளையம் எழுது என்கிறார் இன்னொருவர். எங்கள் மேலாளரோ பைத்தானுக்கு மாற்றச் சொல்கிறார். எதைத்தான் எடுப்பது?" இதே குழப்பம் ஒயிட்ஃபீல்டிலிருந்தும் அல்சூரிலிருந்தும் வேறு வேறு வார்த்தைகளில் வந்துகொண்டிருக்கிறது. பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருக்கு, இப்படிப்பட்ட சின்ன ஸ்கிரிப்டுகளைக் கட்டிக்காப்பதே அன்றாடப் பாடாக இருக்கிறது. எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கர்ல் என்பது இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பிப் பதிலை வாங்கும் கட்டளைக் கருவி. ஷெல், நாம் எழுதும் கட்டளைகளை ஓட்டும் நிரல். சிஸ்டம்டி, லினக்ஸில் சேவைகளையும் அவற்றின் நேர அட்டவணையையும் பார்த்துக்கொள்வது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோரிக்கையை இரண்டு முறை அனுப்பினால் என்ன ஆகும்? கடைசியில் தோற்றுவிட்டால் அது யார் காதுக்குப் போகும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கருவியைத் தேர்வதில் பெரிய சிக்கல் இல்லை. பதில் தெரியாமல் எந்தக் கருவியை எடுத்தாலும் தொல்லைதான்.

கட்டுரை முழுவதும் இரண்டு வேலைகளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஒன்று, பரஸ்பர நிதி நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி நாள்தோறும் வெளியிடும் என்ஏவி (ஓர் அலகின் நிகர சொத்து மதிப்பு) கோப்பை இறக்குவது. எல்லாத் திட்டங்களின் மதிப்பும் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்ட வரிகளாக ஒரே உரைக்கோப்பில் இருக்கும். மற்றொன்று, வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்தும் ஓர் அமைப்பு, கட்டண நினைவூட்டலைப் பெற்றோருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவது. முதலாவது வாங்கும் வேலை. இரண்டாவது அனுப்பும் வேலை. இந்த வேறுபாடுதான் பாதி விடை.

## எதை வைத்து எடைபோடுவது?

மறுபடி அனுப்பினால் தீங்கு உண்டா? இணைய சர்வர்களோடு பேசும் முறையான எச்டிடிபியின் விதிகளை வகுக்கும் ஆர்எஃப்சி 9110 (2022) ஆவணம், கெட், ஹெட், புட், டெலீட் முதலிய முறைகளை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே என்ற வகையில் சேர்க்கிறது. சர்வரிடம் தரவை ஒப்படைக்கும் போஸ்ட் முறை அந்த வகையில் இல்லை. என்ஏவி கோப்பைப் பத்து முறை கேட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. குறுஞ்செய்தி அப்படியல்ல. நேரம் கடந்து இணைப்பு முறிந்தால், சர்வர் அதை அனுப்பிவிட்டதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. பதில் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அந்த நிலையில் மறுபடி அனுப்பினால், ஒரே பெற்றோருக்கு இரண்டு நினைவூட்டல் போகலாம். அது பணப் பரிமாற்றமாக இருந்தால் நினைத்துப் பாருங்கள்.

இது எந்த வகைத் தோல்வி? கர்ல் முடியும்போது தரும் எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 6 என்றால் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதாவது டிஎன்எஸ் கோளாறு. 7 என்றால் இணைக்க முடியவில்லை. 28 என்றால் நேரம் கடந்துவிட்டது. இவை பெரும்பாலும் தானே சரியாகக்கூடியவை. 60 என்றால் சான்றிதழை நம்ப முடியவில்லை. எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான் வரும். சர்வர் தரும் எண்களிலும் இதே பிரிவு உண்டு. 429, 503 இரண்டும் "பிறகு வா" என்கின்றன. 401, 404 இரண்டும் "உன் பக்கத்தைச் சரிபார்" என்கின்றன.

இவற்றைவிட மோசமான மூன்றாவது வகை ஒன்று உண்டு. 200 என்று பதில் வரும், உள்ளே இருப்பதோ ஒரு உள்நுழைவுப் பக்கம். விருந்தினர் வைஃபையில் இது அடிக்கடி நடக்கும். எந்த மறுமுயற்சிக் கருவியும் இதைப் பிடிக்காது. வந்த பொருளைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? காலை ஏழு மணிக்குள் கோப்பு வந்தால் போதும் என்றால் இரவு முழுவதும் கையில் இருக்கிறது. திரையின் முன்னால் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் பத்து விநாடியே அதிகம்.

அரைகுறைக் கோப்பு என்ன ஆகும்? கடைசித் தோல்வி யாருக்குத் தெரியும்? இந்த இரண்டும் சிறியவையாகத் தோன்றும். ஆனால் மறுநாள் காலை தவறான எண்கள் அறிக்கையில் ஏறுவது இவற்றை விட்டுவிடுவதால்தான்.

## கர்லின் சொந்த மறுமுயற்சி

என்ஏவி போன்ற வாங்கும் வேலைகளுக்கு இதுவே என் முதல் தேர்வு. புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். ஒரே வரியில் முடிந்துவிடும்.

முதலில் தம்பியின் பிரச்சினை. கர்ல் இயல்பாகவே 404, 500 போன்ற பதில்களைத் தோல்வியாகக் கருதாது. சர்வர் பேசியது, பதில் வந்தது, என் வேலை முடிந்தது என்று 0 எண்ணோடு வெளியேறிவிடும். கட்டளையில் "--ஃபெயில்" என்ற சுவிட்சைச் சேர்த்தால்தான் 400-உம் அதற்கு மேற்பட்டதுமான பதில்களுக்கு 22 என்ற எண் வரும். பலர் மறுபடி முயலச் சொல்லும் "--ரீட்ரை" மட்டும் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். அப்போது என்ன நடக்கிறது? 503 வந்தால் கர்ல் சொன்னபடி மறுபடி மறுபடி முயல்கிறது. எல்லா முயற்சியும் தோற்றபின், கடைசியாக வந்த பிழைப் பக்கத்தை என்ஏவி கோப்பின் பெயரில் சேமித்துவிட்டு வெற்றி என்கிறது. ஆகவே இந்த இரண்டு சுவிட்சுகளையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

"--ரீட்ரை 5" என்று கொடுத்தால் முதல் தோல்விக்குப் பின் 1 விநாடி, பிறகு 2, 4, 8, 16 என்று இடைவெளி இரட்டிப்பாகும். மொத்தக் காத்திருப்பு 31 விநாடி. பத்து என்று கொடுத்தால் அதே கணக்கு 1,023 விநாடி, ஏறத்தாழ பதினேழு நிமிடம். ஓர் இடைவெளி அதிகபட்சம் பத்து நிமிடம் வரை வளரும். 7.66 பதிப்பு முதல், சர்வர் "ரீட்ரை-ஆஃப்டர்" தலைப்பில் இத்தனை விநாடி கழித்து வா என்று சொன்னால் கர்ல் அதையும் மதிக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகள் நான்கு, அவற்றில் இரண்டு பெரியவை.

முதல் பெரிய செலவு நேரம். இணைப்புக்கான இயல்பான கெடு ஐந்து நிமிடம். முழுப் பரிமாற்றத்துக்கோ கெடுவே கிடையாது. "--மேக்ஸ்-டைம்" கொடுத்தாலும், ஒவ்வொரு மறுமுயற்சியிலும் அந்தக் கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். முப்பது விநாடி கெடு, ஐந்து மறுமுயற்சி என்றால் ஆறு தடவை முப்பது, அதோடு 31 விநாடி இடைவெளி: மொத்தம் மூன்றரை நிமிடம். மொத்தத்துக்கும் வரம்பு வேண்டுமானால் "--ரீட்ரை-மேக்ஸ்-டைம்" தனியாகத் தேவை. அதுவும் புதிய முயற்சியைத் தொடங்கவிடாதே தவிர, நடந்துகொண்டிருப்பதை நடுவில் வெட்டாது.

இரண்டாவது, கர்ல் முறையைப் பார்ப்பதில்லை. போஸ்ட் கோரிக்கை நேரம் கடந்து தோற்றாலும் தயங்காமல் மறுபடி அனுப்பும். நம் குறுஞ்செய்தி வேலைக்கு இதை அப்படியே வைத்தால் இரட்டைச் செய்தி போகலாம்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவில் இணைப்பு அறுபடும் தோல்வி (எண் 56) இயல்பான பட்டியலில் இல்லை. அதற்கு "--ரீட்ரை-ஆல்-எரர்ஸ்" வேண்டும், அது 7.71 பதிப்பில்தான் வந்தது. உபுண்டு 20.04-இல் இருப்பது 7.68, அங்கே அந்தச் சுவிட்சை எழுதினால் கோரிக்கையே போகாது. மேலும், "--ஃபெயில்" உடன் சேரும்போது அது 404-ஐக்கூட மறுபடி கேட்கும். அடுத்து, வெளியீட்டைக் குழாய் (பைப்) வழியாக வேறொரு நிரலுக்குத் தள்ளாதீர்கள். கோப்பில் எழுதச் சொன்னால் அரைகுறையாக வந்ததை அழித்துவிட்டு கர்ல் மறுபடி தொடங்கும். குழாயில் போனதைத் திரும்பப் பெற முடியாது. ஒரே வரிகள் இருமுறை வரலாம்.

## டபிள்யூகெட்

பெரிய கோப்பு, தடுமாறும் இணைப்பு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றால், கோப்பு இறக்கும் இன்னொரு கட்டளைக் கருவியான டபிள்யூகெட் நல்ல வேலைக்காரன். இயல்பாகவே 20 முறை முயலும். ஆனால் இணைப்பு மறுக்கப்பட்டாலும் 404 வந்தாலும் உடனே நிறுத்திவிடும். 503-க்கும் மறுபடி முயல வேண்டுமென்றால் "--ரீட்ரை-ஆன்-எச்டிடிபி-எரர்" என்று எண்களை நீங்களே சொல்ல வேண்டும். படிக்கக் காத்திருக்கும் இயல்பான கெடு 900 விநாடி, அதாவது கால் மணி நேரம். இருபது முயற்சியையும் கால் மணி நேரத்தையும் பெருக்கினால் ஐந்து மணி நேரம் வரும். இரவு வேலை காலை வரை தொங்கிக்கொண்டிருக்கும். ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு சேவையோடு பேசும் வழி) அழைப்புகளுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

## ஷெல் வளையம்

வெற்றி வரும்வரை சுற்றும் அன்டில் வளையம், நடுவே காத்திருக்க ஸ்லீப், முயற்சிகளைக் கணக்கிட ஒரு எண்ணி. ஐந்து வரியில் முடியும்போல் இருக்கும். கர்லின் இயல்பான நடத்தை பொருந்தாத ஓரிடத்தில் இது உண்மையாகவே தேவை: வந்த கோப்பைச் சோதித்துவிட்டு, சோதனை தோற்றால் மறுபடி இறக்குவது. என்ஏவி கோப்பின் முதல் வரியில் எதிர்பார்த்த தலைப்பு இருக்கிறதா, வரிகளின் எண்ணிக்கை நியாயமாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி கேட்கலாம். மேலே சொன்ன 200-உள்நுழைவுப் பக்கம் இங்கேதான் பிடிபடும்.

விலை, ஷெல்லின் நுணுக்கங்கள். இஃப்புக்கு அடுத்து ஆச்சரியக்குறி போட்டு கர்லை அழைத்தால், உள்ளே போய்ப் பார்க்கும்போது வெளியேறிய எண் 0 ஆகவே இருக்கும். ஆச்சரியக்குறி அதைப் புரட்டிவிட்டது. செயல்பாட்டுக்குள் "லோக்கல்" என்று அறிவித்த அதே வரியில் கர்லின் வெளியீட்டை வாங்கினால், கிடைப்பது லோக்கலின் வெற்றி எண், கர்லின் எண் அல்ல. குழாயில் இணைத்தால் கடைசி நிரலின் எண்தான் கிடைக்கும், "பைப்ஃபெயில்" போடாதவரை. கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டையே நிறுத்தும் "செட் -ஈ" நம்மைக் காப்பாற்றும் என்று நினைப்போம். நிபந்தனைக்குள் ஓடும் கட்டளைகளுக்கு அது செயல்படாது. ஒவ்வொன்றும் சிறியது, ஒவ்வொன்றும் தோல்வியை வெற்றியாகக் காட்டக்கூடியது. எழுதியவர் வேறு வேலைக்குப் போனபின் அந்த வளையத்தைப் படிக்கப்போகும் அடுத்தவரையும் கணக்கில் சேருங்கள்.

வளையம் எழுதியே தீர வேண்டும் என்றால் இரண்டைத் தவறவிடாதீர்கள். தற்காலிகப் பெயரில் இறக்கிச் சோதித்து, பிறகு அதே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றுங்கள். படிப்பவர் கண்ணில் ஒருபோதும் அரைகுறைக் கோப்பு படாது. இடைவெளியில் கொஞ்சம் தற்செயலையும் கலந்துவிடுங்கள். எல்லா அலுவலகமும் ஒரே நேரத்தில் விட்டால் சில்க் போர்டு சந்திப்பு என்ன ஆகுமோ, எல்லா ஸ்கிரிப்டும் சரியாக ஒரே நொடியில் திரும்பி வந்தால் தடுமாறி எழும் சர்வருக்கும் அதுதான் ஆகும். பாஷ் ஷெல் தரும் "ரேண்டம்" மாறியிலிருந்து சில விநாடிகளைக் கூட்டினால் போதும்.

## பைத்தான்

முடிவெடுக்கப் பதிலைப் படிக்க வேண்டும் என்ற நிலை வந்தவுடன் பைத்தானுக்கு மாறுங்கள். பதிலில் வரும் ஜேசன் வடிவத் தரவு, பக்கம் பக்கமாக வரும் தரவு, காலாவதியாகும் அனுமதி டோக்கன் எல்லாம் ஷெல்லில் தாங்காது. குறுஞ்செய்தி வேலைக்கும் இதுவே என் தேர்வு. காரணம், பைத்தானில் இணையக் கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு அடியில் இருக்கும் யூஆர்எல்லிப்3 நூலகத்தின் மறுமுயற்சி வகுப்பு, இணைப்பு உண்டாகும் முன்னரே தோற்றதையும் அனுப்பிய பிறகு தோற்றதையும் பிரித்துப் பார்க்கிறது. முன்னதில் கோரிக்கை சர்வரை எட்டவே இல்லை, ஆகவே எந்த முறையானாலும் மறுபடி அனுப்பலாம். பின்னதில் போஸ்டை அது இயல்பாகவே மறுபடி அனுப்பாது. கர்லிடம் இல்லாத பண்பு இது.

ஆனால் இயல்பான அமைப்பை நம்பி எழுதினால் ஏமாற்றம்தான். ரிக்வெஸ்ட்ஸில் இயல்பாக மறுமுயற்சியும் இல்லை, டைம்அவுட் எனும் நேரக் கெடுவும் இல்லை. சர்வர் மௌனமானால் உங்கள் நிரலும் மௌனமாகவே நிற்கும். டைம்அவுட் கொடுத்தாலும் அது மொத்த நேரத்தைக் குறிப்பதில்லை. இரண்டு துண்டுத் தரவுகளுக்கு நடுவே எவ்வளவு காத்திருப்பது என்பதையே குறிக்கும். துளித்துளியாக அனுப்பும் சர்வர் உங்களை மணிக்கணக்கில் பிடித்துவைக்கலாம். கர்லின் "--ஃபெயில்" செய்யும் வேலைக்கு இங்கே "ரெய்ஸ்-ஃபார்-ஸ்டேட்டஸ்" அழைப்பு. எந்த எண்களுக்கு மறுபடி முயல்வது என்ற பட்டியலும் காலியாகவே இருக்கும், இடைவெளிக் காரணியும் பூஜ்ஜியம். மறுமுயற்சிக்கான டெனாசிட்டி நூலகத்தை வெறுமனே ஒட்டினால் இடைவெளியே இல்லாமல் முடிவில்லாது முயலும். எல்லாவற்றையும் நீங்களே எழுதிச் சொல்ல வேண்டும்.

இன்னொரு செலவு பராமரிப்பு. மெய்நிகர் சூழல், நூலகப் பதிப்புகள் எல்லாவற்றையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். யூஆர்எல்லிப்3-இல் எந்த முறைகளை மறுபடி அனுப்பலாம் என்று சொல்லும் அமைப்பின் பெயர் 1.26 பதிப்பில் மாறியது; பழைய பெயர் 2.0-இல் நீக்கப்பட்டது. பழைய ஸ்கிரிப்டுகள் பல அங்கே நின்றுபோயின. ஒரு கோப்பை இறக்குவதற்கு மட்டும் இவ்வளவு சுமை வேண்டாம் என்பதே என் கருத்து.

குறுஞ்செய்திக்கு ஒரு வார்த்தை. சேவை வழங்குபவரின் ஏபிஐ ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண்ணை ஏற்குமானால், அதைக் கட்டாயம் அனுப்புங்கள். அதே எண் மறுபடி வந்தால் இரண்டாவதை அவர்களே தள்ளிவிடுவார்கள். அந்த வசதி இல்லையென்றால், சந்தேகமான தோல்வியை மறுபடி அனுப்பாமல் தனிக் கோப்பில் எழுதி, மனிதர் ஒருவர் பார்க்கட்டும்.

## சிஸ்டம்டி, கிரான்

பெங்களூரில் அலுவலக மூலையில் ஒரு சின்னக் கணினியில் இந்த ஸ்கிரிப்டுகளை ஓட்டுபவர்கள் அனேகர். கோடை மழையில் மின்சாரம் போகும். சாலையைத் தோண்டும்போது ஃபைபர் அறுபடும். அவை சரியாக மணிக்கணக்கில் ஆகலாம். 31 விநாடி காத்திருக்கும் கர்லோ, நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் பைத்தானோ அங்கே உதவாது. மின்சாரம் போனால் அவையும் சேர்ந்தே போகும். நீண்ட காத்திருப்பை அட்டவணைக்காரரிடம் ஒப்படைப்பதே முறை.

குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் எளிது, ஆனால் கணினி அணைந்திருந்தபோது தவறிய வேலையைத் திரும்ப எடுக்காது. சிஸ்டம்டி டைமரில் "பெர்சிஸ்டென்ட்" போட்டால், கணினி எழுந்தவுடன் தவறியதை ஓட்டும். "ஆன்ஃபெயிலியர்" மூலம் தோல்வியை இன்னொரு சேவைக்குச் சொல்லி, அங்கிருந்து உங்களுக்குச் செய்தி அனுப்ப வைக்கலாம். தோல்வி யார் காதுக்குப் போகும் என்ற கேள்விக்கு இந்த நான்கில் நேரான பதில் உள்ளது இதனிடம் மட்டும்தான்.

கவனிக்க வேண்டியது: தோற்றால் மறுபடி தொடங்கு என்று மட்டும் சொன்னால், இயல்பான இடைவெளி 100 மில்லி விநாடி. பத்து விநாடிக்குள் ஐந்து முறை தொடங்கிவிட்டால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். இடைவெளியைப் பத்து நிமிடமாக்கினாலோ அந்த வரம்பு ஒருபோதும் எட்டப்படாது, முடிவில்லாமல் ஓடும். ஆகவே இடைவெளியையும் வரம்பின் காலத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே முறை ஓடி முடியும் வகைச் சேவைக்கு இந்த மறுதொடக்கம் 244-ஆம் பதிப்பு முதல்தான் கிடைக்கிறது. கிளவுட் சர்வரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் நம் நள்ளிரவு அங்கே முந்தைய நாள் 18:30 என்பதையும் மறக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கர்ல் | ஷெல் வளையம் | பைத்தான் | சிஸ்டம்டி |
|---|---|---|---|---|
| போஸ்ட் மறுபடி போகுமா? | போகும் | நீங்கள் எழுதியபடி | இயல்பாகப் போகாது | முழு வேலையும் மறுபடி ஓடும் |
| உள்ளடக்கச் சோதனை | இல்லை | எளியது முடியும் | முழுமையாக முடியும் | இல்லை |
| பொருந்தும் காத்திருப்பு | விநாடிகள், சில நிமிடம் | சில நிமிடம் | சில நிமிடம் | மணிக்கணக்கு |
| மின்தடையைத் தாண்டுமா? | தாண்டாது | தாண்டாது | தாண்டாது | தாண்டும் |
| பெரிய ஆபத்து | "--ஃபெயில்" மறப்பது | வெளியேறும் எண் தொலைவது | டைம்அவுட் மறப்பது | வரம்பு அமைப்பு |

## சேர்த்து வைக்கும்போது

ஒன்றுக்கு மேல் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம், பெருக்கலைக் கவனியுங்கள். கர்ல் மூன்று முறை, அதைச் சுற்றிய வளையம் மூன்று முறை, அதைச் சுற்றிய சிஸ்டம்டி மூன்று முறை என்றால் ஒரு தோல்விக்கு 27 கோரிக்கைகள். ஏற்கெனவே திணறும் சர்வரின் மேல் அத்தனையும் விழும்; உங்கள் முகவரி தடுக்கப்படவும் கூடும். விநாடிக் கணக்கான தடுமாற்றத்துக்கு ஒரே ஓர் அடுக்கு, மணிக்கணக்கான தடைக்கு இன்னோர் அடுக்கு. அதற்கு மேல் வேண்டாம்.

அந்த ஓசூர்த் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். என்ஏவி போன்ற கோப்புக்கு கர்ல், அதில் "--ஃபெயில்", நான்கைந்து மறுமுயற்சி, "--மேக்ஸ்-டைம்", "--ரீட்ரை-மேக்ஸ்-டைம்" என்ற இரண்டு கெடுக்களும். தற்காலிகப் பெயரில் இறக்கி, முதல் வரியைச் சோதித்து, பெயர் மாற்றுவது. அதற்கு மேலே அரை மணிக்கு ஒரு முறை முயலும் சிஸ்டம்டி. பைத்தான் தேவையில்லை, மேலாளர் கேட்டால் இந்தக் காரணங்களைச் சொல்லலாம். பகிரப்பட்ட ஹோஸ்டிங்கில் சிஸ்டம்டி கிடைக்காது என்றால், கிரானை அரை மணிக்கு ஒரு முறை ஓட்டி, இன்றைய கோப்பு ஏற்கெனவே இருந்தால் உடனே வெளியேறும்படி எழுதுங்கள். ஓட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமலிருக்க "எஃப்லாக்" என்ற பூட்டுக் கட்டளை போதும்.

எதை எடுத்தாலும், நம்புவதற்கு முன் தோற்கடித்துப் பாருங்கள். ".இன்வாலிட்" என்று முடியும் பெயர் எதுவும் இருக்கக்கூடாது என்று 1999-இலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டால் 6 வர வேண்டும். உங்கள் கணினியிலேயே எதுவும் ஓடாத ஒரு போர்ட்டைக் கேட்டால் 7. ஆவணங்களுக்கென ஒதுக்கிய 192.0.2.1 முகவரியை இணைப்புக் கெடுவோடு கேட்டால் பெரும்பாலும் 28. மூன்றிலும் ஸ்கிரிப்ட் தோல்வி எண்ணோடு முடிகிறதா, பழைய கோப்பு கெடாமல் இருக்கிறதா, எச்சரிக்கை உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த ஸ்கிரிப்டை இரவில் தனியாக ஓடவிடாதீர்கள்.